கதவு எண் பதினொன்று

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
உறைபெட்டிக்குள் சரியாகப் பூஜ்யம்.
ஆகவே ஜனவரியில்
வேலைக்குப் போவது என்பது
கொஞ்சம் கதகதப்பான இடத்துக்குப் போவது.

இதை வெண்டெலிடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
டெவில்ஸ் லேக்கில் அறுபது வருஷம் இருப்பவருக்கு
இது நகைச்சுவை அல்ல, வானிலை அறிக்கை.

காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
மாலையிலும்.
நடுவே, ஒன்பதே காலிலிருந்து இரண்டு பத்து வரை,
மூன்று நாள் மட்டும், பீட்சா கம்பெனியின் ஆள்.
வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம்.
பதினைந்தாவது மணியை நான் உழைக்கலாம்,
கணக்கில் அது நடந்திருக்காது.
மேலாளர் மினியாபொலிஸில் இருக்கிறாராம்.
அவருக்கு நான் பாதை எண் நாற்பத்தேழு.

நான்காவது வருஷமாகப் பின்வாசலில் கையெழுத்து.
நான்காவது வருஷமாக டோரீன் நீட்டும்
'வருகையாளர்' ஒட்டி.
"லூவெல்லா, பேரை எழுது" என்கிறாள்.

அலமாரியில் முன்னால் தெரியும் பெட்டிக்கு
எங்கள் தொழிலில் முகம் என்று பெயர்.
பெப்பரோனிக்கு ஆறு முகம்.
சாசேஜுக்கு நான்கு.
காளானுக்கு ஒன்றே ஒன்று,
அதுவும் போன வசந்தத்தில் வெண்டெலிடம் பேசி வாங்கியது.

போட்டிக் கம்பெனிப் பையன் செவ்வாய்தோறும் வருவான்.
புதன்கிழமை வந்து பார்த்தால்
காளான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்
அவனுடைய சீஸ் குச்சிகளுக்குப் பின்னால்.
அவனை நான் பார்த்ததில்லை.
அவன் கையைத் தெரியும்:
அவசரக் கை,
ஆனாலும் என் விலைச்சீட்டைக் கிழிக்காமல் உரித்துப்
பக்கத்தில் ஒட்டிவைக்கும் அளவுக்கு நல்ல கை.
நானும் அவனுடையதை அப்படித்தான்.

பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால்.
ஓரம் நசுங்கியது தனியாக.
கையுறை போட்டால் அட்டை பிரியாது,
போடாவிட்டால் விரல் விரலாக இருக்காது.
வலதில் மட்டும் போடுகிறேன்.

இன்று பதினொன்றாம் கதவை முடித்துவிட்டு
படம் எடுக்க ஓரடி பின்னால் நகர்ந்தேன்.
விதி நான்கு: படத்தில் மனிதர்கள் விழக்கூடாது.
ஒருவர் வந்து பட்டாணியா சோளமா என்று
வெகுநேரம் நின்றார். காத்திருந்தேன்.
ஒரு குழந்தை கண்ணாடியில் மூச்சுவிட்டு
மீன் வரைந்தது.
மீன் கரையும்வரை காத்திருந்தேன்.
மணி ஒன்று ஐம்பது. அனுப்பினேன்.

செயலி யோசித்தது. சிவப்பில் சொன்னது:
ஒரு நபர் தென்படுகிறார். மீண்டும் எடுக்கவும்.

திரும்பிப் பார்த்தேன்.
வரிசை காலி, கோடிவரை.
படத்தைப் பெரிதாக்கினேன்.
சாசேஜுக்கும் காளானுக்கும் நடுவே, கண்ணாடியில்,
பேருந்து ஓட்டுநரின் ஆரஞ்சு அங்கியும்
நெஞ்சில் தலைமாறிய எழுத்தில் ஒரு ஒட்டியும்
ஒற்றைக் கையுறையுமாக
ஒருத்தி.

முட்டி போட்டு எடுத்தேன். தென்பட்டேன்.
சாய்ந்து எடுத்தேன். தோள் தென்பட்டது.
கடைசியில் கதவைத் திறந்து
இடுப்பால் முட்டுக்கொடுத்து
கண்ணாடி ஆவி பூக்கும் முன் எடுத்தேன்.
ஏற்கப்பட்டது, என்றது பச்சையில்.
நன்றி, என்றும்.

இரண்டு பதின்மூன்று.
வாகன நிறுத்தத்தில் பனி பல்லைக் கடித்தது.
இன்ஜினுக்குச் சூடேற்றும் வயரைப் பிடுங்கிச் சுருட்டும்போது
கைபேசி மறுபடி கேட்டது:
நிராகரிக்கப்பட்ட மூன்று படங்களை நீக்கவா?

இரண்டை நீக்கினேன்.
முதலாவதில்
காளான் நன்றாக விழுந்திருக்கிறது.